இறங்காத முகம்

வக்கீலாகத் தொடங்கி, நகராட்சித் தலைவராகி, கடைசியில் அயல்நாடுகளில் தூதராக இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரதாணு, மகனின் உடல் கூடத்தில் கிடக்க, வாசலில் நின்று வருபவர்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. ரொம்ப சந்தோஷம்." வழக்கிலும் தேர்தலிலும் தோற்ற நாட்களில்கூட மாறாத அதே சிரிப்பு. துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. வந்தவர்கள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"இவருக்கு இதுவும் விருந்துதான் வே" என்றார் பந்தலில் ஒருவர்.

அதைக் கேட்டு மனைவி கோமு எழுந்து வந்தாள். "சிரிக்காதீய. உள்ள நம்ம புள்ள கெடக்கான்."

"தெரியும் கோமு. மொகம் எறங்க மாட்டேங்கு" என்றார், சிரித்தபடியே.

அவள் இரண்டு கைகளாலும் அவருடைய உதட்டோரங்களைக் கீழே இழுத்துப் பிடித்தாள். அடுத்த கார் வந்து நின்றது. அவர் வலது கை நீண்டது. அவள் விரல்களை எடுக்கவில்லை.