ஆயுத பூஜைக்கு ராகி லட்டு

"தூ!"

வாயில் போட்டதை அப்படியே கைக்குட்டையில் துப்பினார் சந்தானம். நாக்கில் ஈர மண்ணை அப்பியது போலிருந்தது. போதாததற்குச் சிக்கு வாடை அடிக்கும் நெய் வேறு தொண்டையில் குமட்டியது.

1998 ஆயுத பூஜை. பெங்களூரு பீன்யாவில் அந்தத் தொழிற்சாலையின் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது. பூஜை முடிந்தால் கேன்டீன் மாஸ்டர் முனிகிருஷ்ணன் கையால் மைசூர்பாகு. பதினாறு வருட வழக்கம் அது.

இந்த வருடம் அவர் ராகி மாவையும் முழுக் கோதுமை மாவையும் வெல்லத்தில் போட்டு லட்டு பிடித்திருந்தார். "எல்லாருக்கும் சுகரு, பிபி. இதான் ஒடம்புக்கு நல்லது" என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றும் சாணி உருண்டை மாதிரி இருந்தது. கடித்தும் கடிக்காமலும் வீசியதில் குப்பைத் தொட்டி நிறைந்து, ஈ மொய்த்தது.

"ஏன்ரீ சார், ராகி தின்னு வளந்தவன் நான். இத எங்க ஊட்டு மாடு கூட மோந்து பாக்காது" என்று முகத்தைச் சுளித்தான் லேத் ஓட்டும் நாகராஜப்பா.

ஜெனரல் மேனேஜர் ஒரு கடி கடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தவர், "சந்தானம், அந்த ஆள இன்னியோட நிறுத்திடுங்க" என்றார்.

கேன்டீனைக் கவனிப்பது சந்தானம்தான். விறுவிறுவென்று சமையற்கட்டுக்குப் போனார்.

உள்ளே இன்னும் மோசம். அடுத்த ஈட்டுக்கு வாணலியில் போட்ட மாவு தீய்ந்து நாறியது. திறந்து கிடந்த நெய் டின்னின் நாற்றத்தில் சந்தானம் மூக்கைப் பொத்திக்கொண்டார். முனிகிருஷ்ணனோ அந்த டின்னுக்குள் குனிந்து, நிதானமாக நெய்யை மொண்டுகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர் இது? மனுஷன் திம்பானா இத? நெய் கெட்டு நாறுது!"

முனிகிருஷ்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கெட்டுப் போச்சா சார்?"

"நடிக்காதீங்க! நீங்களே தின்னு பாருங்க!"

சந்தானம் நீட்டிய லட்டை வாங்கி முழுசாக வாயில் போட்டுக்கொண்டார் முனிகிருஷ்ணன். முகம் கோணாமல் மென்றார். சந்தானம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சே! எப்பிடித்தான் முழுங்குறீங்களோ! பழையபடி மைசூர்பாகே போட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல? ஜி.எம். உங்கள வேலைய விட்டே நிறுத்தச் சொல்லிட்டார்."

முனிகிருஷ்ணன் அடுப்பை அணைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பஸ்ஸுலேர்ந்து விழுந்து மண்டையில அடிபட்டுச்சே சார், ஜூன் மாசம். அன்னிலேர்ந்து எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. தெனச் சாப்பாட்டக் கை அளவுலயே ஓட்டிட்டேன். எம் பொண்டாட்டிக்குக் கூடச் சொல்லல."

சந்தானம் நெய் டின்னை இழுத்து மூடினார்.

"மைசூர்பாகு கெட்டா என் கையத் திட்டுவாங்க. ராகி கெட்டா, ராகியத்தானே சார் திட்டுவாங்க?"