மூடிய அறையில் இரைச்சல்

“பாட்டே போடாம சார் இதை எதுக்கும்மா ஓடவிடுறாரு?” என்று கேட்டார் மெக்கானிக், பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழற்றியபடி.

“யாருக்குத் தெரியும்? ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கதவைச் சாத்திக்கிட்டு இதைப் போட்டுடுவாரு. வீடு பூரா வண்டு குடையிற மாதிரி இரையும்.”

மகளைப் பறிகொடுத்து மூன்று மாதமாகிறது. பெற்றவள் அழுது ஓய்ந்துவிட்டாள். கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ‘கல்நெஞ்சுக்காரர்’ என்று தங்கையிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

“டிரான்ஸ்ஃபார்மர் தகடு தளர்ந்து அதிருதும்மா. போல்ட்டை இறுக்கி, அடியில ரப்பர் வச்சுட்டேன். இனி வாயே திறக்காது.”

“இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் அப்படித்தான் இருக்காரு” என்றாள்.

மாலையில் கணவர் வந்தார். வழக்கம்போல் கதவைச் சாத்தினார். சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது, இரைச்சல் வரவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும்.

பிறகு, வாயைப் பொத்தியும் அடங்காத ஒரு கேவல் கதவைத் தாண்டி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

அவள் கதவைத் திறந்துகொண்டு போய், தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் தினமும் இதைப் போட்டேன்” என்றார் அவர்.