இரண்டாவது கையெழுத்து

“அந்தம்மா உங்களக் குறி வச்சு அடிக்கிறாங்கண்ணே” என்றார் வெல்டர்.

வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த வேன்காரர், துரு கண்ணில் விழாமல் முகத்தை ஒருக்களித்துக்கொண்டு, பழைய நட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு நேர் எதிரே வெல்டரின் ஷெட். அங்கே வரும் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்கு அத்துப்படி. இந்த வேன்காரர் மட்டும் இரண்டு வாரத்துப் பழக்கம்.

வேனுக்கு இருபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது அதன் பிழைப்பு. சைலன்சரில் ஓட்டை என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார் நிலையத்தின் பெண் ஆய்வாளர். அந்தப் பாகத்தைக் கம்பெனியே கைவிட்டுவிட்டதால், காயலான் கடையில் தேடிப்பிடித்து ஒன்றை மாட்டிக்கொண்டு போனார் வேன்காரர். இணைப்பில் புகை கசிகிறது என்று அதையும் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று மூன்றாம் தடவை. இதிலும் தவறினால் வேனின் பதிவே ரத்து.

“மத்த வண்டிக்கெல்லாம் ஒரு கையெழுத்து. உங்களுக்கு மட்டும் பக்கத்து ரூம் ஆபீசரையும் கூட்டிட்டு வந்து, அவரையும் பாக்க வச்சு, ரெண்டு கையெழுத்து. இது வஞ்சம் இல்லாம வேற என்ன?”

“பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடுங்க” என்று அடியிலிருந்து ஒரு கை நீண்டது.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. “அந்தம்மா வீடு எங்கன்னு விசாரிச்சு, ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கலாம்ல?”

“ஆபீஸ் விஷயத்த வீட்டுல வச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்ல.”

“அப்ப நான் சொல்றதையாவது கேளுங்க. இணைப்பு மேல பேஸ்ட்ட அப்பி, ஈரத்துணியச் சுத்திடலாம். பத்து நிமிஷம் தாங்கும். டெஸ்ட்டத் தாண்டினாப் போதாதா?”

“பதினோராவது நிமிஷம் அந்தப் புகையக் குடிக்கப்போறது நான்தான். வேணாம்.”

இந்த முறை சைலன்சர் ஒரு வண்டியிலிருந்து, நடுக்குழாய் இன்னொன்றிலிருந்து, முன்வளையம் மூன்றாவதிலிருந்து. நீளம் போதாத இடத்தில் வெல்டர் ஒரு துண்டு சேர்த்துப் பற்றவைத்தார். வேன்காரர் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, உலுக்கிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே ஒவ்வொரு நட்டாக இறுக்கினார்.

“யாரு பெத்த பொண்ணோ, கருங்கல்லு மாதிரி நிக்குது” என்று வெல்டர் முணுமுணுத்தார். “அது வீட்டு ஆளுங்க பாடு திண்டாட்டம்தான்.”

ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. “அது வேலைய அது பாக்குது. என் வேலைய நான் பாக்கறேன்.”

நாலரை மணிக்கு வேன் எதிர்ப்புறம் போய் நின்றது. வெல்டரும் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே போனார். இன்றைக்கு அந்தம்மா ஏதாவது குற்றம் கண்டுபிடித்தால், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

ஆய்வாளர் டார்ச் விளக்கோடு குனிந்தார். “எல்லாம் பழைய சாமானா?”

“மூணு செத்த வண்டியில எடுத்தது” என்றார் வேன்காரர். “எங்க கெடந்துதுன்னு பாக்காதீங்க. கசியுதான்னு பாருங்க.”

“அதத்தான் பாக்கறேன்.”

வெல்டரால் அடக்க முடியவில்லை. “ஏம்மா, பழைய வண்டின்னா அவ்வளவு இளக்காரமா?”

“இளக்காரம் இல்லைங்க. போன தடவ கசிஞ்சுது” என்றார் அவர், நிமிராமலே.

இஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வால்பக்கத்தைத் துணியால் அடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். காகிதம் ஆடவில்லை. துணியை எடுத்துவிட்டு, புகை அளக்கும் கருவியைக் குழாய்க்குள் விட்டு, அது காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டார். திருப்தியில்லாதவர்போல மறுபடியும் விட்டு மறுபடியும் குறித்தார். வேன்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, கெஞ்சலின் சாயல்கூட இல்லாமல் நின்றார்.

பக்கத்து அறை அதிகாரி வந்தார். அவரும் குனிந்து, தட்டி, முகர்ந்து, எண்களைச் சரிபார்த்தார். “சுத்தமா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆய்வாளர் சான்றிதழை நீட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. வேன்காரரும் நன்றி சொல்லவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வெல்டர் அவர் முதுகில் தட்டினார். “அந்தம்மா மூக்க உடைச்சிட்டீங்கண்ணே. இனி அந்த மூஞ்சியில முழிக்கவே வேணாம்.”

வேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணி ஐந்தடித்தது. ஆய்வாளர் அறையைப் பூட்டிக்கொண்டு, தோளில் கைப்பையோடு விறுவிறுவென்று வேனை நோக்கி வந்தார்.

இன்னும் எதைக் கண்டுபிடித்துத் தொலைத்தாரோ என்று வெல்டர் வழிமறிக்கத் தயாரானார். ஆய்வாளர் அவரைத் தாண்டிப் போய், வேனின் முன்கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார்.

“கெளம்புங்கப்பா, அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க.”