உங்களுக்காகத் துடிக்கிறது

"ஏழாம் படுக்கையின் இதயம் உங்களுக்காகத் துடிக்கிறது!"

நர்ஸின் கைக்கடிகாரம் வார்டுக்கே கேட்கும்படி அறிவித்தது. நோயாளி கையில் கட்டியிருக்கும் பட்டையில் நாடி எகிறினால், நர்ஸின் கடிகாரம் இப்படித்தான் கூப்பிடும். அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ!

ஏழாம் படுக்கைக்காரரின் மனைவி, வீட்டுக்குக் கிளம்பக் கட்டிய பையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"காலையிலேர்ந்து எத்தனை தடவை! கல்யாணமான நாள்லேர்ந்து எனக்காக ஒரு தடவை துடிச்சிருக்கா இது?"

"மெஷின் உளறுறதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"அது உளறட்டும். நீங்க ஏன் பல்லைக் காட்டுறீங்க?"

சின்ன வயது நர்ஸ் ஓடிவந்தாள். கடிகாரம் கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு அங்கிள்?"

"நீ வந்துட்டியேம்மா, இனிமே நல்லாத்தான் இருக்கும்."

மனைவி பல்லை நறநறவென்று கடித்தாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாடி இப்படிக் குதிச்சா எப்படி வீட்டுக்கு அனுப்புறது?"

"இந்தப் பொண்ணை வேற வார்டுக்கு மாத்துங்க டாக்டர். தானா அடங்கும்!"

நர்ஸின் முகம் சுண்டிப்போயிற்று. "பார்க்கலாம்" என்று டாக்டர் நகர்ந்தார்.

வராந்தாவிலிருந்து பெரிய நர்ஸின் குரல் இடித்தது. "எங்கே போய்த் தொலைஞ்சே?" நர்ஸ் எழுந்து ஓடினாள். "ஒரு வேலையாவது உருப்படியா முடிச்சியா? அதுக்குள்ள டீ கேட்குதோ?"

கட்டிலில் போர்வை குலுங்கியது. மனைவி சட்டென்று விலக்கினாள். பட்டை கட்டிய கையை, டானிக் பாட்டில் மாதிரி மனுஷன் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன கூத்து இது?"

"கத்தாதே! அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. அந்த அம்மா திட்ட ஆரம்பிச்சா நான் ஆட்டுவேன். பாவம், அஞ்சு நிமிஷமாவது வந்து உட்காருதுல்ல? இப்போ எனக்கே கை வலிக்குது."

பெரிய நர்ஸின் குரல் மறுபடி உயர்ந்தது.

கிளம்பக் கட்டிய பையை மனைவி காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். கையைக் கொடுங்க இப்படி. ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யத் தெரியுதா உங்களுக்கு?"

பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு, ஆட்டோ ஆட்டென்று ஆட்டினாள்.

வராந்தாவில் கடிகாரம் கூவியது: "ஏழாம் படுக்கையின் இதயம் உங்களுக்காகத் துடிக்கிறது!"