காபி டம்ளர்

எட்டு மாதமாக, காபி டம்ளரில் அழுக்கு என்று சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற வேதமூர்த்தி மனைவியைத் திட்டாத நாளில்லை. "இதுல நாய்கூட குடிக்காதுடி" என்பார். மரகதம் மறுபடியும் கழுவிக் கொண்டுவருவாள். அவருக்குக் கண்புரைக்காக வைத்த லென்ஸுக்குப் பின்னால்தான் சவ்வு படர்ந்திருக்கிறது என்று சொன்ன டாக்டர், ஐந்தே நிமிடத்தில் லேசரால் அதை விலக்கிவிட்டார். பொண்டாட்டியிடம் போய்த் தப்பை ஒத்துக்கொள்வாரா என்ன? மூச்சுவிடவில்லை. மறுநாள் காலை கூடத்து நாற்காலியிலிருந்து சமையலறையைப் பார்த்தார். டம்ளர் பளபளவென்று மின்னியது. மரகதம் அதைக் கையிலெடுத்து, அவரை நேராகப் பார்த்தபடியே உள்ளே துப்பினாள். பிறகு நிதானமாகக் காபியை ஊற்றி ஆற்றிக் கொண்டுவந்து பணிவாக நீட்டினாள்.

"இன்னைக்காவது சுத்தமா இருக்கா பாருங்க."