ராக்கெட் காருக்குப் பூஜை

பழைய ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. நடுவே ஓடும் நேர்ச்சாலையில் ராக்கெட் கார் வெயிலில் மினுங்குகிறது. நான்கு டயர்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வெல்டர் பத்துமலை சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுக்கிறார். "பழம் போதும்லா அண்ணே, பொட்டு வேணாம்," என்கிறாள் ஷர்மினி. தொட்டியில் ஊற்றப்போவது ராக்கெட்டை உந்தும் பெராக்சைடு. துளி அழுக்குப் பட்டாலும் கொதித்து வெடிக்கும். போன வருஷம் முதல் காரின் தொட்டி வாயில், உள்விளிம்பில், அவள் புருஷன் பவித்ரன் ஆசையாகப் பொட்டு வைத்தான். காரோடு அவனும் போனான். ஓலைகள் அசையாமல் நிற்கின்றன. காலையில் தானே கழுவிப் பூட்டிய மூடியை ஷர்மினி திறக்கிறாள். வெள்ளைத் துணியால் உள்விளிம்பைச் சுற்றித் துடைக்கிறாள். துணியில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். அவள் திரும்பிப் பார்க்கிறாள். பத்துமலை கையில் பொட்டலம் இன்னும் பிரிக்காமலே இருக்கிறது.