டப்பாவுக்குள் ஒரு கைநாட்டு

இந்தக் காலத்து ஜனங்கள் கண்ணை நம்ப மாட்டார்கள், கையில் இருக்கும் மெஷினைத்தான் நம்புவார்கள். என் மாடியில் குடியிருக்கும் ஃப்ளோரானும் அவன் பெண்டாட்டி ஈனெஸும் ஞாயிறானால் ஜி.பி.எஸ். மெஷினோடு, யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடப் போவார்கள். முதலில் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுபவர்தான் ஜெயித்தவராம். மூன்று முறை தோற்றவர்கள், நேற்று தாவரவியல் பூங்காவுக்கு என்னையும் இழுத்துப் போனார்கள்.

ஆலமர வேரடியில் டப்பா கிடைத்தது. சுற்றி ஒட்டியிருந்த டேப்பை ஈனெஸ்தான் பிரித்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கைநாட்டு. குறுக்கே, மில்லில் தறி வெட்டிய என் கட்டைவிரல் தழும்பு.

“பெரியப்பா, நீங்களா?” என்று என் விரலைப் பார்த்துக் கேட்டாள் ஈனெஸ்.

“நான் இந்தப் பூங்கா பக்கம் வந்தே இருபது வருஷம் ஆவுது!”

“அதனால என்னா? நம்ம ஆளுதான் ஃபர்ஸ்ட்! ஜெயிச்சுட்டோம்!” என்று ஃப்ளோரான் பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றினான்.

என் கட்டைவிரலைப் பார்த்தேன். ஈர மை. வேட்டியில் துடைத்தேன்.

“எல்லாம் பித்தலாட்டம்” என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தேன்.